லாரியை வித்துட்டு பிக்கப் வாங்கலாமா? ஒண்டிக்கடை சொல்லும் கணக்கு

ஏற்காடு ஏரியைத் தாண்டி ஒண்டிக்கடை ரவுண்டானாவில் ஒரு பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். சிமெண்ட் மூட்டையோடு ஒரு பிக்கப், காஸ் சிலிண்டரோடு ஒரு குட்டியானை, காய்கறி கிரேட் அடுக்கிய ஒரு தோஸ்த், பின்னாடியே டூரிஸ்ட் கார்கள். நடுவில் எப்போதாவது ஒரு பெரிய லாரி திரும்பினால், அது திரும்பி முடிக்கும் வரை மற்ற எல்லா வண்டியும் நிற்கும்.

மலையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பெரிய வண்டியிலிருந்து சின்ன வண்டிக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய லாரி வைத்திருக்கும் பலருக்கும், அப்பாவின் லாரித் தொழிலை கையில் எடுக்கப்போகும் இளைஞர்களுக்கும் இன்று இருக்கும் கேள்வி இதுதான்: லாரியை வித்துட்டு பிக்கப்புக்கு மாறினா லாபமா, நஷ்டமா?

பதில் 'ஆமா', 'இல்ல' என்று ஒரே வார்த்தையில் வராது. என்ன லோடு, எந்த சீசன், எந்த ரோடு என்பதைப் பொறுத்து கணக்கு மாறும். அந்தக் கணக்கில் டீசலும் இ.எம்.ஐ.யும் மட்டும் இல்லை, ஆள் உயிரும் இருக்கிறது.

முதலில், 'பிக்கப்' என்றால் என்ன?

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு மாதிரி வரும். அங்கே வீட்டு வாசலில் நிற்கும் ஃபோர்டு எஃப்-150 போன்ற பெரிய வண்டியை விட்டுவிட்டு, ரேஞ்சர் மாதிரி நடுத்தர வண்டிக்கு மாறலாமா என்று யோசிப்பார்கள். பார்க்கிங், பெட்ரோல் செலவு, வார இறுதிப் பயணம் ஆகியவை அங்கே பிரச்சினை. ஜப்பானில் இன்னும் சின்னது: 660 சிசி இன்ஜின், 350 கிலோ சுமை என்ற வரம்புக்குள் ஓடும் 'கேய்' டிரக்குகள்தான் அந்த நாட்டின் கிராமப்புற விவசாயத்தைத் தாங்குகின்றன.

நம்ம ஊரில் பிக்கப் என்றால் அது சோறு போடும் வண்டி. வரிசை இப்படி:

- குட்டியானை: டாடா ஏஸ் வகை. முதல் வண்டி 2005 மே மாதம் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், சுமார் 750 கிலோ சுமை.
- பிக்கப்: அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப், டாடா இன்ட்ரா போன்றவை. மாடலைப் பொறுத்து சுமார் 1 டன்னில் இருந்து 2 டன் வரை. 2011-ல் வந்த தோஸ்த், பக்கத்து ஓசூரில் தயாரானது.
- 407 வகை: 1986-ல் அறிமுகமான டாடா 407-ம் அதன் பின் வந்தவையும். 2 டன்னுக்கு மேல்.
- லாரி: ஆறு சக்கர, இரண்டு அச்சு வண்டி. இதன் மொத்த எடை வரம்பு 2018 வரை 16.2 டன். அந்த ஆண்டு மத்திய அரசு 18 டன்னுக்கு மேல் உயர்த்தியது.

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு கடைசி வகைதான் 'வண்டி'. மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்ற நினைப்பு இருந்தது. மலைப்பாதையில் அந்த நினைப்பு செல்லாது.

மலைப்பாதை ஏன் சின்ன வண்டியைக் கேட்கிறது?

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. தூரம். அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் உயரம் 1,100 மீட்டருக்கு மேல். அயோத்தியாப்பட்டணம் பக்கம் குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு.

கொண்டை ஊசி வளைவில் முக்கியம் வண்டியின் நீளமும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளியும். இடைவெளி அதிகமானால் வளைவை ஒரே வீச்சில் எடுக்க முடியாது. லாரி எதிர்த்தடத்துக்குள் போக வேண்டும், இல்லையென்றால் ஒருமுறை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பின்னால் பஸ், கீழே பள்ளம். பிக்கப் அதே வளைவை தன் தடத்திலேயே முடித்துவிடும்.

இரண்டாவது, மெயின் ரோடு முடிந்த பிறகு வரும் ரோடு. நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை என்று மலையில் 67 கிராமங்கள். எஸ்டேட்டுக்குள் போகும் பாதைகள் பல, ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்க இடமில்லாதவை. லாரி வெளியே நின்றால் மூட்டை தலைச்சுமையாகத்தான் வர வேண்டும். ஏத்துக்கூலி இரண்டு தடவை. பிக்கப் காய வைக்கும் களம் வரை போய்விடும்.

மூன்றாவது, மழை. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. இப்படிச் சரிந்த ரோட்டை சரிசெய்து திறக்கும்போது, முதலில் அனுமதி கிடைப்பது சின்ன வண்டிக்குத்தான். பெரிய வண்டி கடைசியில்தான் வரும். ஆனால் இ.எம்.ஐ. தேதி யாருக்காகவும் காத்திருக்காது.

இறங்கும்போது என்ன நடக்கிறது?

ஏற்காட்டுச் சரக்கின் ஒரு தனித்தன்மையை பலர் கவனிப்பதில்லை. கனமான லோடு பெரும்பாலும் இறங்கும் திசையில் போகிறது. காபி, மிளகு, பலா, சில்வர் ஓக் மரம் எல்லாம் கீழே போக வேண்டியவை. இன்ஜின் கஷ்டப்படுவது ஏற்றத்தில் என்றாலும், பிரேக்குக்குச் சோதனை இறக்கத்தில்தான்.

ஒரு எளிய கணக்கு. மொத்தம் 12 டன் எடையுள்ள லாரி 1,100 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், நம்ம வீட்டு மின் மீட்டர் கணக்கில் சுமார் 36 யூனிட். முக்கால் மணி நேரத்தில் இதில் பெரும்பகுதியை பிரேக்கும் இன்ஜினும் சூடாக வெளியே தள்ள வேண்டும். அதே மலையில் இரண்டரை டன் பிக்கப்புக்கு இது ஏழரை யூனிட்தான்.

'ஏறுன கியர்லயே இறங்கணும்' என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த இயற்பியல். சூட்டை இன்ஜின் வாங்கிக்கொண்டால் பிரேக் தப்பிக்கும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறி பிடிமானம் இழக்கும்.

ஆனால் பிக்கப் என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தம் இல்லை. அதன் பிரேக்கும் அதற்கேற்ற அளவில்தான் செய்யப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பிக்கப்களில் பிரேக் மிதிக்கு உதவும் வேக்குவம் இன்ஜின் ஓடினால்தான் உருவாகும். டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறக்குவது தற்கொலைக்குச் சமம். நாலு மிதி மிதித்தால் மிதி கல்லாகிவிடும்.

சரி, டீசல் கணக்கு என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'பிக்கப் மைலேஜ் நல்லா குடுக்கும்' என்பது பாதி உண்மை.

உதாரணத்துக்கு, மலையில் லாரி லிட்டருக்கு 4 கி.மீ., பிக்கப் 10 கி.மீ. தருவதாக வைத்துக்கொள்ளலாம். சேலம் போய்வர 60 கி.மீ. லாரிக்கு 15 லிட்டர், பிக்கப்புக்கு 6 லிட்டர்.

லோடு ஒரு டன் மட்டும் என்றால் பிக்கப் சந்தேகமில்லாமல் ஜெயிக்கும். ஆனால் 7 டன் காபி இறக்க வேண்டும் என்றால்? 50 கிலோ மூட்டையில் அது 140 மூட்டை. லாரிக்கு ஒரே நடை, 15 லிட்டர். 1.25 டன் பிக்கப்பில் 25 மூட்டைதான் ஏறும், ஆக 6 நடை, 36 லிட்டர். இரண்டு மடங்குக்கு மேல். அதோடு டிரைவர் சம்பளம், நேரம், டயர் தேய்மானம்.

இந்தக் கணக்கின்படி திருப்புமுனை சுமார் 3 டன். ஒரு தடவைக்கு 3 டன்னுக்குக் கீழே லோடு கிடைக்கிற தொழிலில் பிக்கப் லாபம். அதற்கு மேல் தொடர்ந்து கிடைத்தால் லாரியோ 407 வகையோதான் சரி. ஒவ்வொருவரும் தங்கள் வண்டியின் உண்மையான மைலேஜைப் போட்டு இந்த எண்ணைத் தாங்களே கண்டுபிடிக்கலாம்: லாரி குடிக்கும் டீசலை பிக்கப் குடிக்கும் டீசலால் வகுத்து, வருவதை பிக்கப்பின் சுமை அளவால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏற்காட்டில் பெரும்பாலான நாள் லோடு எப்படி? மளிகை, காய்கறி, காஸ், ரிசார்ட்டுக்கு மெத்தை, வீடு கட்ட டைல்ஸ். எல்லாம் துண்டு துண்டு லோடு. காபி அறுவடை நவம்பர், டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வாக்கில் முடியும். அந்த மூன்று நாலு மாதம்தான் லாரிக்கு முழு லோடு. மீதி மாதங்களில் 7 டன் வண்டி ஒன்றரை டன்னைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறது. லாரிக்காரர் நஷ்டப்படும் இடம் அதுதான்.

சட்டம் என்ன சலுகை தருகிறது?

சின்ன வண்டி வேகமாகப் பரவியதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. சட்டமும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

பெர்மிட்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66-ன்படி மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு பெர்மிட் தேவையில்லை. மொத்த எடை என்றால் வண்டியும் சுமையும் சேர்த்து. எல்லா பிக்கப்பும் இதற்குள் வராது. வாங்கும் முன் ஆர்.சி.யில் வரப்போகும் மொத்த எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

லைசென்ஸ்: 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தை ஓட்ட சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது. லாரிக்கு ஹெவி லைசென்ஸ் வேண்டும். ஹெவி டிரைவர் கிடைக்காமல் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் உரிமையாளருக்கு இது பெரிய வித்தியாசம்.

இன்சூரன்ஸ்: 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 16,049 ரூபாய். 12 முதல் 20 டன் வரையிலான லாரிக்கு 35,313 ரூபாய். வரி தனி.

எஃப்.சி.: எல்லா சரக்கு வண்டிக்கும் உண்டு. முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்தது. பழைய லாரியைப் பிடித்து வைத்திருப்பது முன்புபோல மலிவான காரியம் இல்லை.

வரி: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி வாங்குவோருக்கு இது நேரடி மிச்சம்.

அப்போ எல்லோரும் மாறிடலாமா?

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பெர்மிட் வேண்டாம், சாதாரண லைசென்ஸ் போதும், முன்பணம் குறைவு. உள்ளே வருவது சுலபம் என்றால், உள்ளே வந்தவர்கள் எண்ணிக்கையும் அதிகம். ஸ்டாண்டில் நிற்கும் வண்டி கூடினால் வாடகை குறையும். டீசல் விலையும் மாதத் தவணையும் குறையாது. அந்த இடைவெளியை பிக்கப்காரர் எப்படி நிரப்புகிறார்? கூடுதல் மூட்டை ஏற்றி.

இதுதான் இந்த மாற்றத்தின் உண்மையான ஆபத்து. லாரி ஓட்டிய கை, பிக்கப்பிலும் லாரி கணக்கிலேயே லோடு போடுகிறது. 'ஒன்னேகால் டன் வண்டி ரெண்டே கால் டன் தாங்கும்ங்க, பட்டை ஒண்ணு சேத்துக் கட்டியிருக்கு' என்பது பட்டறைகளில் சாதாரணப் பேச்சு. பட்டை சேர்த்தால் வண்டியின் முதுகு தாங்கலாம். பிரேக்கும் டயரும் அச்சும் பழையதுதான். சமதளத்தில் இந்தத் தப்பு தெரியாது. பதினைந்தாவது வளைவில் தெரியும்.

சட்டமும் இதில் கடுமையானது. 2019 திருத்தத்தின்படி அதிகச் சுமைக்கு அடிப்படை அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு டன் கூட ஏற்றிய பிக்கப் பிடிபட்டால் 22,000. ஒரு மாத லாபம் ஒரே நாளில் போய்விடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் சுமை பற்றியதாகவே இருக்கும்.

இன்னொன்று, ஆள் ஏற்றுவது. காபி பறிக்கும் சீசனில் விடியற்காலை ஊரிலிருந்து எஸ்டேட்டுக்கு தொழிலாளர்கள் போக வேண்டும். பஸ் வராத கிராமத்தில் கைக்குக் கிடைப்பது பிக்கப். பின்னால் நின்றுகொண்டு இருபது பேர். சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டப்படி தவறு. வண்டி வளைவில் சாயும்போது மூட்டையை கயிறு பிடித்துக்கொள்ளும், ஆளைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அப்படிப் போகும் பெண்களுக்கு இன்சூரன்ஸ் பணமும் எளிதில் கிடைக்காது.

இதில் டிரைவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. வேறு வண்டி இல்லாத ஊரில் 'ஏறாதே' என்று போர்டு மாட்டினால் கூலி வேலைக்கு யார் கூட்டிப்போவது? தமிழக அரசின் புதிய மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் தொடங்கியது. அப்படியொரு திட்டத்தில் மலைக் கிராமங்களுக்கு முதல் இடம் கிடைக்க வேண்டும். பறிப்பு சீசனில் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு நடை வந்தாலே பிக்கப்பின் பின்னால் நிற்கும் ஆட்கள் குறைவார்கள்.

எலக்ட்ரிக் வண்டி சரிப்படுமா?

இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. ஏற்காட்டுக்கு இதில் ஒரு இயற்கைச் சாதகம் உண்டு. லோடோடு இறங்கும்போது பிரேக்கில் சூடாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்வண்டி பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். பிரேக் தேய்மானமும் குறையும்.

ஆனால் ஏற வேண்டுமே. டாடா ஏஸ் மின்வண்டியின் முதல் மாடலில் பேட்டரி 21.3 யூனிட், சுமை 600 கிலோ. மொத்தம் சுமார் 1,800 கிலோ எடையை 1,100 மீட்டர் உயர்த்த மட்டுமே ஐந்தரை யூனிட் போகும். பேட்டரியில் நாலில் ஒரு பங்கு. தூரத்துக்கு ஆகும் செலவு அதற்கு மேல். ஒரு நாளைக்கு ஒரு நடை என்றால் தாராளமாகச் சமாளிக்கும். மூன்று நடை என்றால் நடுவில் சார்ஜ் போட இடம் வேண்டும்.

ஒரு சின்ன நுணுக்கம்: மேலே முழு சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. மலை வண்டிக்கு கீழே சார்ஜ் போடுவதே புத்திசாலித்தனம்.

மாறும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. கடந்த 12 மாதத்தில் ஒரு நடைக்கு சராசரி லோடு எவ்வளவு? நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஞாபகத்தில் இருந்து அல்ல. ஞாபகம் எப்போதும் சீசன் மாதத்தைத்தான் சொல்லும்.
2. திரும்பும் நடையில் லோடு உண்டா? காபி இறக்கிவிட்டு லீ பஜாரில் மளிகை ஏற்றி வர முடிந்தால் பிக்கப்பின் கணக்கே மாறிவிடும். காலியாக ஏறும் வண்டி பாதி நஷ்டம்.
3. லாரி விற்ற பணத்தில் கடனில்லாமல் பிக்கப் வாங்க முடியுமா? கடன் தீர்ந்த லாரியை விற்றுவிட்டு புது இ.எம்.ஐ.க்குள் போவது அவசரப்பட்டு எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது.
4. சீசனில் பெரிய லோடு வந்தால் என்ன திட்டம்? நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு லாரியை வாடகைக்கு எடுப்பது, அதுவரை பிக்கப்பில் ஓரிடத்தில் சேர்ப்பது என்பது நடைமுறையில் சாத்தியம்தான்.
5. வண்டியில் எழுதியிருக்கும் சுமைக்கு மேல் ஒரு மூட்டை கூட ஏற்றாமல் தொழில் ஓடுமா? ஓடாது என்றால் அந்த வண்டி தொழிலுக்குச் சின்னது. அடுத்த அளவு வண்டியைப் பார்ப்பதே பாதுகாப்பு.

கடைசியாக

ஏற்காட்டில் காபி செடி வந்து இருநூறு ஆண்டு ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் மலையை விட்டு மூட்டையை இறக்க ஆளும் மாடும் குதிரையும்தான். பிறகு ரோடு வந்தது, லாரி வந்தது, இப்போது பிக்கப். ஒவ்வொரு முறையும் வண்டிக்கு ஏற்ப தொழில் மாறியிருக்கிறது.

இந்த முறை மாற்றம் சரியான திசையில்தான் போகிறது. மலைப்பாதைக்கும் எஸ்டேட் ரோட்டுக்கும் துண்டு லோடுக்கும் பிக்கப்தான் பொருத்தம். ஆனால் வண்டியைச் சின்னதாக்கிவிட்டு லோடை மட்டும் பழைய அளவிலேயே வைத்திருந்தால், லாரி போன பாதையில் அதைவிடப் பெரிய ஆபத்தைத்தான் ஓட்டிக்கொண்டு போகிறோம்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. அடிவாரத்திலேயே எடை பார்த்து அனுப்பும் நடைமுறை, ஒண்டிக்கடை நெரிசலுக்கு வெளியே லோடு மாற்றி ஏற்ற ஒரு இடம், தோட்டத் தொழிலாளருக்கு பஸ். இந்த மூன்றும் ஒரு மேம்பாலம் கட்டும் செலவில் பக்கத்தில்கூட வராது.

உரிமையாளருக்கு இருக்கும் வேலை அதைவிட எளிது. வண்டி வாங்கும்போது 'எவ்வளவு ஏத்தலாம்?' என்று கேட்பதோடு, 'எவ்வளவோட பத்திரமா இறங்கலாம்?' என்றும் கேட்க வேண்டும். மலையில் இரண்டாவது கேள்விக்குத்தான் விலை அதிகம்.